கையெழுத்தும் கைகழுவலும்

ஞாயிறுதோறும் திருப்பலியில் எழுந்து நின்று நாம் விசுவாச அறிக்கை சொல்கிறோம். அதில் நம் ஆண்டவரையும் அவர்தம் அன்னை கன்னி மரியாவையும் தவிர வேறு ஒரே ஒரு மனிதரின் பெயர்தான் இடம் பெற்றுள்ளது. அவர் திருத்தூதர் அல்லர், மறைசாட்சியும் அல்லர், உரோமைப் பேரரசின் ஆளுநர் ஒருவர். பேதுருவுக்கும் பவுலுக்கும் கிடைக்காத அந்த இடம் போஞ்சு பிலாத்துவுக்குக் கிடைத்திருக்கிறது.

பிலாத்து இயேசுவை வெறுத்தவர் என்று நற்செய்திகள் சொல்லவில்லை. அவரிடம் குற்றம் எதையும் காணவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். மனைவியின் எச்சரிக்கையும் அவருக்குக் கிடைத்தது. விடுதலை செய்ய வழி தேடினார். இறுதியில் முடிவை மக்கள் கூட்டத்திடம் விட்டார். கூட்டம் பரபாவைக் கேட்டது. அவர் தண்ணீர் கொண்டுவரச் செய்து கைகளைக் கழுவினார். தம் மனச்சான்று முடிவு செய்ய வேண்டியதைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு, அதனால் தமக்குப் பொறுப்பில்லை என்று நம்பினாரே, அதுவே அவர் செய்த பிழை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநில ஆளுநர்கள் சிலரது வரலாற்றைப் படிக்கும்போது, யூதேயாவில் எழுந்த அந்தக் கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை என்பது விளங்குகிறது. குற்றமற்ற இயேசுவோடு கொலைக் குற்றவாளிகளை ஒப்பிடலாமா என்று சிலர் கேட்கக் கூடும். இங்கே நாம் ஒப்பிடுவது தண்டனை பெற்றவர்களை அல்ல. தண்டனைக்கு ஒப்பமிடும் கைகளையே.

அந்நாட்டின் அமைப்பைச் சற்றே விளக்குவது நலம். கொலை முதலிய குற்றங்களுக்கான சட்டத்தைப் பெரும்பாலும் அங்கே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே இயற்றிக்கொள்கிறது. ஆகவே ஆற்றின் இக்கரையில் தூக்கும் அக்கரையில் ஆயுள் சிறையுமாக ஒரே குற்றத்திற்கு இருவேறு முடிவுகள் நேர்வதுண்டு. மிச்சிகன் மாநிலம் 1846-ஆம் ஆண்டிலேயே, நாட்டுத் துரோகம் ஒன்றைத் தவிர ஏனைய எல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை நீக்கியது. 1972-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம், அன்று நடைமுறையிலிருந்த மரண தண்டனைச் சட்டங்கள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. 1976-இல் திருத்தியமைக்கப்பட்ட சட்டங்களை ஏற்றுக்கொண்டது. அதன்பின் தண்டனைகள் மீண்டும் தொடர்ந்தன. தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் சில மாநிலங்களில் ஆளுநர் ஒருவரிடமே உள்ளது; வேறு சிலவற்றில் ஒரு குழுவோடு சேர்ந்து அவர் முடிவு செய்கிறார். நம் நாட்டில் ஆளுநர் நியமிக்கப்படுகிறார். அங்கோ ஆளுநர் மக்களின் வாக்கால் வருகிறார். அடுத்த தேர்தலில் அதே மக்களிடம் திரும்பிச் செல்ல வேண்டியவராயிருக்கிறார். கருணைக்கும் வாக்குக்கும் இடையே உள்ள முடிச்சு இங்கேதான் விழுகிறது.

1959 முதல் 1967 வரை கலிபோர்னியாவின் ஆளுநராக இருந்தவர் பேட் பிரவுன், கத்தோலிக்கர். 1960-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கேரில் செஸ்மன் என்னும் கைதியின் தண்டனை நாள் நெருங்கியது. செஸ்மன் எவரையும் கொலை செய்ததாகத் தீர்ப்பில்லை. ஆட்கடத்தல் பற்றிய கடுமையான சட்டமொன்றின் கீழ் 1948-இல் மரண தண்டனை பெற்றவர். சிறையிலிருந்தபடியே நூல்கள் எழுதி உலகெங்கும் அறியப்பட்டவர். முன்பே குற்றத் தீர்ப்புகள் பெற்றிருந்தவர் என்பதால், மாநில உச்ச நீதிமன்றப் பெரும்பான்மையின் ஒப்புதலின்றி அவருடைய தண்டனையைக் குறைக்க ஆளுநரால் இயலாது. நீதிமன்றமோ இசையவில்லை. அந்நேரத்தில், இயேசு சபைப் புகுநிலையிலிருந்து அண்மையில் வெளியேறியிருந்த அவருடைய மகன் ஜெரி தொலைபேசியில் தந்தையிடம் மன்றாடினார். பிரவுன் 60 நாள் தவணை கொடுத்தார். மரண தண்டனையை நிறுத்திவைக்குமாறு சட்டமன்றத்தைக் கேட்டார். அக்கோரிக்கை குழு நிலையிலேயே தோற்றது. மே 2-ஆம் நாள் செஸ்மன் நச்சுவாயுக் கூடத்தில் இறந்தார். தவணை கொடுத்ததற்காகவே பொதுவிடங்களில் மக்கள் பிரவுனைக் கூச்சலிட்டு இகழ்ந்தார்கள்.

பிரவுனின் பதவிக் காலத்தில் 59 மரண தண்டனை வழக்குகள் அவருடைய மேசைக்கு வந்தன. 23 பேரின் தண்டனையைக் குறைத்தார். 36 பேரைச் சாகவிட்டார். முதுமையில், 1989-இல், அந்த நாட்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அத்தகைய அதிகாரம் எந்த மனிதருக்கும் எந்த அரசுக்கும் ஆகாது என்பதும், ஒவ்வொரு முடிவும் தம்மிடமிருந்து மீளப் பெற முடியாத ஒன்றை எடுத்துச் சென்றுவிட்டது என்பதும் அவர் கண்ட உண்மை. அவர் தம் கைகளைக் கழுவிக்கொள்ள முயலவில்லை. கழுவினாலும் போகாது என்பதை அறிந்திருந்தார் போலும்.

நியூயார்க்கில் வேறொரு கத்தோலிக்கர், மேரியோ குவோமோ, 1983 முதல் 1994 முடிய ஆளுநராக இருந்தார். மரண தண்டனையை மீண்டும் கொண்டுவரும் சட்டத்தை அம்மாநிலச் சட்டமன்றம் ஆண்டுதோறும் நிறைவேற்றி அனுப்ப, அவர் பன்னிரண்டு ஆண்டுகளும் அதற்கு ஒப்பமிட மறுத்துவந்தார். பெரும்பான்மை மக்கள் அச்சட்டத்தை விரும்புகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். 1994 தேர்தலில் ஜார்ஜ் பட்டாக்கி, தாம் அச்சட்டத்தைக் கொண்டுவருவதாக வாக்களித்து அவரைத் தோற்கடித்தார். பட்டாக்கியும் கத்தோலிக்கரே. 1995 மார்ச் 7-இல் புதிய ஆளுநர் சட்டத்தில் ஒப்பமிட்டார். அதே மார்ச் 25-இல், 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வெளியிட்டார். குற்றவாளியைக் கொன்றாலொழியச் சமுதாயத்தைக் காக்க முடியாது என்னும் நிலை இக்காலத்தில் மிக அரிது, ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம் என அதில் அவர் கற்பித்தார். இரண்டுக்கும் இடையே பதினெட்டு நாட்கள். நியூயார்க்கின் அந்தச் சட்டத்தால் ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை. 2004-இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது.

1999 சனவரியில் அதே திருத்தந்தை மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்தார். மூவரைக் கொன்ற ஒருவரின் தண்டனை நாள், திருத்தந்தையின் வருகையையொட்டிச் சில நாட்கள் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. பேராலயத்தில் ஆளுநர் மெல் கார்னஹனை நேரில் கண்ட திருத்தந்தை, அம்மனிதருக்கு இரக்கம் காட்டுமாறு கேட்டார். கார்னஹன் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மரண தண்டனையை ஆதரித்தவர். எனினும் மறுநாளே தண்டனையை ஆயுள் சிறையாக மாற்றினார். அந்த ஒருவருக்குப் பின் மிசௌரியில் தண்டனைகள் முன்போலவே தொடர்ந்தன. ஒரு முதியவர் நேரில் நின்று கேட்டதனால் ஓர் உயிர் தப்பியது. கேட்க எவரும் வராதவர்கள் இறந்தார்கள். இதை நீதி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரக்கம் இயலாத காரியமன்று என்பதை அந்த ஒரு கையெழுத்து காட்டிவிட்டது.

இல்லினாய் மாநிலத்தில் 1977-க்குப் பின் 12 பேர் கொல்லப்பட்டிருந்தனர். அதே காலத்தில் மரண தண்டனை பெற்ற 13 பேர் பின்னர் விடுவிக்கப்பட்டிருந்தனர். இந்தக் கணக்கைக் கண்ட ஆளுநர் ஜார்ஜ் ரயன், 2000-ஆம் ஆண்டு சனவரியில் எல்லா நிறைவேற்றங்களையும் நிறுத்திவைத்தார். 2003 சனவரி 11-இல், மரண தண்டனைக் கைதிகள் 160-க்கும் மேற்பட்டோரின் தண்டனையையும் ஒரே நாளில் மாற்றினார். அவர் புனிதரல்லர். ஊழல் குற்றத்துக்காக 2006-இல் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றவர். இரக்கத்தின் கருவியாக இறைவன் யாரைப் பயன்படுத்துவார் என்று நாம் வரையறுக்க இயலாது.

ஆயினும் அந்த நாளைக் கவனியுங்கள். சனவரி 11. ரயன் பதவியை விட்டு இறங்கிய நாள் சனவரி 13. மேரிலாந்தின் கத்தோலிக்க ஆளுநர் மார்ட்டின் ஓமேலி, எஞ்சியிருந்த நால்வரின் தண்டனையை மாற்றப்போவதாக அறிவித்தது 2014 டிசம்பர் 31-இல். அடுத்த மாதம் அவர் பதவி முடிந்தது. வட கரோலினாவின் ராய் கூப்பர் 15 பேரின் தண்டனையைக் குறைத்தது 2024 டிசம்பர் 31-இல். அது அவருடைய பதவியின் இறுதி நாள். கத்தோலிக்கரான குடியரசுத் தலைவர் ஜோ பைடன், நடுவணரசின் மரண தண்டனைக் கைதிகள் 40 பேரில் 37 பேரின் தண்டனையை மாற்றியது 2024 டிசம்பர் 23-இல். அவருக்கு எஞ்சியிருந்தது ஒரு மாதத்துக்கும் குறைவு. 1994-இல் செனட்டராக இருந்தபோது, மரண தண்டனைக்குரிய நடுவணரசுக் குற்றங்களைப் பெருக்கிய சட்டத்தை முன்னின்று நிறைவேற்றியவரும் அவரே.

கருணை ஏன் எப்போதும் கடைசி வாரத்தில் வருகிறது? மூட்டை முடிச்சுகளைக் கட்டும்போதுதான் மனச்சான்று விழிக்கிறதா? அப்படியன்று. அது முன்பே விழித்திருந்தது, பேச அஞ்சியது. யாருக்கு அஞ்சியது? வாக்களிக்கும் மக்களுக்கு. பிலாத்துவும் அப்படித்தான் கூட்டத்துக்கு அஞ்சினார்.

இதைத் தெளிவாகக் காட்டும் வரலாறு நெப்ராஸ்கா மாநிலத்தினுடையது. 49 உறுப்பினர்களைக் கொண்ட ஒரே அவைச் சட்டமன்றம் அங்குள்ளது. 2015 மே மாதத்தில் அது மரண தண்டனையை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. கத்தோலிக்கரான ஆளுநர் பீட் ரிக்கெட்ஸ் அதை நிராகரித்தார். அவரது நிராகரிப்பை வெல்ல 30 வாக்குகள் வேண்டும். மே 27-இல் சரியாக 30 பேர் எழுந்தார்கள், சட்டம் நிலைத்தது. உடனே பொதுவாக்கெடுப்பு கோரும் இயக்கம் தொடங்கியது. ஆளுநரும் அவருடைய தந்தையும் அதற்குத் தம் சொந்தப் பணத்தைப் பெருமளவில் கொடுத்தனர். நீக்கச் சட்டத்தைக் காக்கும்படி மாநிலத்தின் கத்தோலிக்க ஆயர்கள் மக்களை வேண்டினர். 2016 நவம்பரில் வாக்களித்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேர் மரண தண்டனை மீண்டும் வேண்டும் என்றனர். அதே நாளில் கலிபோர்னியா மக்களும் அதை நீக்கும் யோசனையைத் தோற்கடித்தனர்.

2018 ஆகஸ்ட் 2-இல், திருத்தந்தை பிரான்சிஸ் செய்த மறைக்கல்வித் திருத்தம் வெளியாயிற்று. மரண தண்டனை மனித மாண்பின் மீது தொடுக்கப்படும் தாக்குதல். ஆகவே அது ஏற்கத்தக்கதன்று என்று அது கூறியது. நெப்ராஸ்காவிலோ, 1979-இல் வாடகைக் கார் ஓட்டுநர் இருவரைக் கொன்ற ஒருவரின் தண்டனை நாள் குறிக்கப்பட்டிருந்தது. திருத்தந்தையின் கருத்தை மதிப்பதாகவும், எனினும் மரண தண்டனை தம் மாநில மக்களின் விருப்பமாகவும் சட்டமாகவும் நிலைத்திருப்பதாகவும் ரிக்கெட்ஸ் சொன்னார். பன்னிரண்டு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 14-இல், அம்மனிதர் நச்சு ஊசியால் கொல்லப்பட்டார்.

ரிக்கெட்ஸின் விடையில் பொய்யில்லை. மக்கள் அப்படித்தான் வாக்களித்திருந்தார்கள். ஆனால் 'மக்கள் விருப்பம்' என்ற சொல்லை நாம் எப்போது எடுக்கிறோம், எப்போது கீழே வைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கருவிலுள்ள உயிரைக் காக்கும் சட்டங்களை ரிக்கெட்ஸ் உறுதியாக ஆதரித்தவர். அங்கே உயிரின் மதிப்பு அளவுகோலாயிற்று. இங்கே வாக்கின் எண்ணிக்கை அளவுகோலாயிற்று. குவோமோ இதற்கு நேர்மாறாக நின்றார். 1984-இல் நோட்டர் டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உரையாற்றியபோது, கருக்கலைப்பைப் பற்றித் திருச்சபையின் போதனையைத் தாம் ஏற்பதாகவும், ஆனால் பல சமயத்தார் வாழும் நாட்டில் மக்களிடையே பொதுக் கருத்து உருவாகாமல் அதைச் சட்டமாக்க இயலாது என்றும் வாதிட்டார். தூக்குமேடைக்கு எதிராகப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பான்மையைத் துணிந்து எதிர்த்த அதே மனிதர், மற்றொரு உயிருக்காகப் பெரும்பான்மைக்குக் காத்திருந்தார்.

இவ்விரண்டும் ஒரே எடை உடையவை அல்ல என்பது உண்மையே. கருவிலுள்ள சிசு எக்குற்றமும் அறியாதது. திருச்சபையும் இவ்வேறுபாட்டை அறியும். ஆயினும் இரு தலைவர்களிடமும் காணும் தளர்ச்சி ஒன்றே. தம் கட்சியும் தம் வாக்காளரும் விரும்பும் இடத்தில் மக்கள் விருப்பம் இறைவனின் குரலாகிவிடுகிறது. விரும்பாத இடத்தில் அது வெறும் ஆரவாரம். அவர்களைக் குறைகூறும் நாமும் பெரும்பான்மை நம் பக்கம் இருக்கும்போது அதை வணங்குகிறோம். இல்லாதபோது மனச்சான்றைத் துணைக்கு அழைக்கிறோம்.

இங்கே எழும் இரண்டு மறுப்புகளை ஒதுக்கிவிடக் கூடாது. முதலாவது, கொலையுண்டோரின் குடும்பங்கள். மகளை இழந்த தாயிடம் போய்க் கருணையைப் பற்றிப் பேசுவது எளிதன்று; மேடையிலிருந்து பேசுவது இன்னும் முறையன்று. திருச்சபை அத்தாயின் துயரைச் சிறிதாக்கவில்லை. கொலையாளியை விடுவிக்கும்படியும் அது கேட்கவில்லை. இல்லினாயிலும் மிசௌரியிலும் தண்டனை மாற்றம் பெற்றோர்க்குச் சிறைக்கதவு திறந்துவிடவில்லை. அது கேட்பது ஒன்றே: கட்டுண்டு, படைக்கலமின்றி, இனி எவருக்கும் தீங்கிழைக்க இயலாத நிலையில் கிடக்கும் ஒருவரை, நாள் குறித்து, நேரம் குறித்து, நம் பெயரால் கொல்ல வேண்டாம். 1973-க்குப் பின் அந்நாட்டில் மரண தண்டனை பெற்றுப் பின்னர் அக்குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டோர் தொகை 200-ஐ எட்டியுள்ளது. நாம் தவறக்கூடியவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. தவறு தெரியவரும்போது சிறையிலிருப்பவரை வெளியே அழைக்கலாம்; கல்லறையிலிருந்து அழைக்க மனிதரால் ஆகாது.

இரண்டாவது மறுப்பு மக்களாட்சியைப் பற்றியது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் தம் மனச்சான்றையே சட்டமாக்கினால் அது கொடுங்கோன்மை ஆகாதா? நியாயமான அச்சமே. ஆனால் கருணை அதிகாரம் சட்டத்துக்கு வெளியே திருடி எடுக்கப்பட்டதன்று. சட்டமே அதை அவரிடம் கொடுத்திருக்கிறது. ஏன் கொடுத்தது? சட்டத்தின் கண் பொதுவானதைத்தான் பார்க்கும்; எதிரே நிற்கும் ஒரு மனிதரின் முகத்தைப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும். அந்த இடத்தில் அமர்ந்துகொண்டு, 'மக்கள் சொன்னார்கள்' என்று கூறுபவர் மக்களாட்சியைக் காக்கவில்லை. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணியைச் செய்யாமல் விடுகிறார். குவோமோ தம் மனச்சான்றின்படி நடந்தார். மக்கள் தங்கள் உரிமையின்படி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மக்களாட்சி சிறிதும் கெடவில்லை. கெட்டது அவருடைய பதவி மட்டுமே. மனச்சான்றுக்கு விலை உண்டு என்பதை அறிந்து, அந்த விலையைக் கொடுக்க அணியமாயிருப்பவரே ஆளுவதற்குத் தகுந்தவர்.

எனினும் ஆளுவோரை மட்டும் குறைசொல்லி முடிப்பது எளிய வழியாகிவிடும். பெரும்பான்மை என்பது வானத்திலிருந்து விழுவதன்று. ஒவ்வொரு தனி வாக்காக, ஒவ்வொரு தனி மனச்சான்றாகச் சேர்ந்து ஆவது. நெப்ராஸ்காவின் 61 விழுக்காட்டில் கத்தோலிக்கரும் இருந்தார்கள். வாக்குச் சாவடியின் மறைவில் ஆளுநரும் இல்லை, ஆயரும் இல்லை. அங்கே அளிக்கும் வாக்கில் பெயர் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று நினைப்பது, பிலாத்துவின் தண்ணீரில் நாமும் கை நனைப்பதாகும். வாக்கு இலட்சங்களாகப் பெருகும்போது பொறுப்பு இலட்சங்களாகப் பங்கிடப்படுவதில்லை. அது ஒவ்வொருவரிடமும் முழுமையாகவே நிற்கிறது.

மக்களின் மனம் மாறவே மாறாது என்றும் சொல்வதற்கில்லை. குடியேற்றக் காலம் தொட்டு வேறெந்த மாநிலத்தினும் மிகுதியானோரைக் கொன்ற வர்ஜீனியா, 2021 மார்ச்சில் மரண தண்டனையை நீக்கிற்று. தென்மாநிலங்களுள் அதுவே முதலாவது. அதனோடு நீக்கிய மாநிலங்கள் 23 ஆயின. கூட்டம் எப்போதும் பரபாவையே கேட்கும் என்பது விதியன்று. கூட்டத்தில் நிற்கும் தனி மனிதர் வாய்திறந்து வேறொன்றைச் சொல்லும்போது, பக்கத்தில் நிற்பவரும் ஒரு நொடி தயங்குகிறார்.

குருத்து ஞாயிறன்று ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு வாசிக்கப்படும்போது பிலாத்துவின் சொற்களை ஒருவர் வாசிப்பார். கூட்டத்தின் சொற்களையோ, கோவிலில் நிற்கும் நாம் அனைவரும் சேர்ந்து சொல்கிறோம். அவரைச் சிலுவையில் அறையும்படி கேட்பவர்கள் நாம்தான். திருவழிபாடு அந்தக் குரலை வேறெந்த இனத்தாருக்கும் கொடுத்துவிடவில்லை; நமக்கே கொடுத்திருக்கிறது. விசுவாச அறிக்கையில் பிலாத்துவின் பெயர் இருக்கிறது. கூட்டத்தின் பெயர் இல்லை. அந்தப் பெயரை நாம் ஒவ்வொருவரும் நம் உள்ளத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது.